ஆளை இல்லாமல் ஆக்கும் பொத்தான்

துர்காதேவியிடம் வேலைக்குச் சேர்ந்த அன்றே மண்டையில் துடுப்பால் ஒன்று வாங்கினேன். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கலாம், கம்பி இழுக்கலாம், பெயின்ட் கலக்கலாம். அடி வாங்குவதையே உத்தியோகமாகச் செய்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். என் பெயர் மோசஸ். அதற்கு முன்னால் கம்பி ஆலையில் உலைக்குப் பக்கத்தில் நின்றவன். அடுத்து நின்ற ஆளின் தொடையில் பழுக்கக் காய்ந்த கம்பி ஒன்று பாய்ந்து மறுபக்கம் வந்ததைப் பார்த்த பிறகு அந்த வேலையே வேண்டாம் என்று ஆகிவிட்டது.

அன்புராஜ் சாருடைய கம்பெனி சிப்காட்டுக்குப் போகும் சாலையில், வெல்டிங் சாமான் விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. முதலில் அவர் ஆலைத் தொழிலாளிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி செய்து கொடுத்தார். ஹெட்செட்டைத் தலையில் மாட்டினால் கண்முன் உலை எரியும், தலைக்கு மேல் கிரேன் நகரும், நிற்கக்கூடாத இடத்தில் நின்றால் செத்துப்போவோம். அது சரியாக இருக்கிறதா என்று சொல்ல உலை பார்த்த ஆள் ஒருவன் வேண்டும் என்றுதான் என்னைக் கூப்பிட்டார். பிறகு வெளிநாட்டுக்காரர்கள் யாரோ ஒரு விளையாட்டு கேட்டார்கள். உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் ஆட்கள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரே இடத்தில் கூட வேண்டும், அடித்துக்கொள்ள வேண்டும், அடித்துக்கொண்டே சிநேகமும் ஆகவேண்டும். இந்த விபரீத ஆசைக்கு உருவம் கொடுக்க வந்தவள்தான் துர்காதேவி. அவள் போடும் ஆட்டத்தில் இறங்கி அடி வாங்கிச் சோதித்துப் பார்க்க சார் என்னை அவளிடம் அனுப்பினார்.

முப்பது வயதிருக்கும். ஒடிசலான தேகம், எண்ணெய் வைத்துப் பின்னிய சடை, தோளில் சாப்பாட்டுப் பை. பொன்னேரிக்குப் பக்கத்து ஆரணியிலிருந்து பஸ்ஸில் வருவாள். பிறந்தது பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு மீனவக் குப்பத்தில். சிறுமியாக இருந்தபோதே தாயும் மகளுமாக ஆரணிக்கு வந்துவிட்டார்கள். ஏன் வந்தார்கள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பார்த்தால் கோயிலில் கோலம் போடுகிறவள் மாதிரி இருப்பாள். அவள் போட்ட சண்டைக்களத்தில் இறங்கினால் எலும்பை எண்ணிக்கொள்ளலாம்.

ஏரிக்கு நடுவில் ஒரு மணல்திட்டு, சுற்றிலும் படகுகள், ஆளுக்கு ஒரு துடுப்பு. ஆட்டம் அவ்வளவுதான். ஆனால் அதற்குள் அவள் வைத்த விதிகள் வேறு எந்த விளையாட்டிலும் நான் பார்க்காதவை. அடி வாங்கியவன் கையில் இருக்கும் கண்ட்ரோலர் அதிர்வது எல்லா ஆட்டத்திலும் உண்டு. இவள் அடித்தவன் கையும் அதே அளவு அதிர வேண்டும் என்றாள். ஒருத்தனை அடித்தால் அது உன் தோள்பட்டை வரைக்கும் ஏறவேண்டும், தெரியாமல் அடித்தேன் என்று எவனும் சொல்லக்கூடாது என்பது அவள் கட்சி. குரலுக்கும் அப்படித்தான் ஒரு கணக்கு வைத்திருந்தாள். கத்தினால் திட்டு முழுக்கக் கேட்கும். கிசுகிசுத்தால் காதருகில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும்.

எல்லாவற்றுக்கும் மேலான விதி விழுந்தவனைப் பற்றியது. விழுந்தவன் தானாக எழ முடியாது. யாராவது வந்து கை கொடுத்தால்தான் எழலாம். அதுவரை மணலில் கிடந்து மற்றவர்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதை யார் ஆடுவார்கள் என்று அன்புராஜ் சார் தலையில் கை வைத்தார். ஆட்களோ இதற்காகவே வந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒருவரை ஒருவர் அரிவாளோடு துரத்திய இரண்டு கான்ட்ராக்ட் கோஷ்டிகள் எங்கள் மாடிக்கு வந்து, மண்டை பிளக்க அடித்துக்கொண்டு, பிறகு அடித்தவனே குனிந்து கை நீட்டித் தூக்கிவிட்டுச் சிரித்ததை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு துர்காவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பெற்ற பிள்ளை முதல் அடி எடுத்து வைத்ததைப் பார்த்தவள் போல இருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானங்களில் வெளி ஆட்களை வரவழைத்து ஆடவிட்டுப் பார்ப்போம். ஷிப்ட் முடிந்த ஆலைக்காரர்கள், குப்பத்து இளவட்டங்கள், செல்போன் பாகம் செய்யும் கம்பெனியிலிருந்து சில பெண்கள் என்று வருவார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி சுகிர்தா. வாய் அதிகம் பேசமாட்டாள், கை பேசும். துடுப்பைச் சுழற்றினால் யாரும் கிட்டே போக முடியாது. இன்னொரு பக்கம் தணிகைவேல் இருந்தான். ஆரம்பாக்கத்தில் நெல் நிலம் உள்ள வீட்டுப் பையன், கம்பி ஆலையில் லோடு ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரி. நாலு பேர் எப்போதும் கூட இருப்பார்கள். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுப்பான், எல்லோரையும் வாடா போடா என்பான். சுகிர்தா அவனை அடுத்தடுத்து மணலில் சாய்த்தாள். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு பல்லோடு நின்றுவிட்டது என்பதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவனுடைய ஆட்கள் பின்னாலிருந்து வந்து அவளைச் சாய்த்தார்கள். சுற்றி நின்றுகொண்டு, தூக்கிவிட வந்தவர்களையெல்லாம் அடித்து விழவைத்தார்கள். நானும் அப்படி விழுந்தவன்தான். தணிகைவேல் அவள் பக்கத்தில் மண்டியிட்டான். அவளுடைய மார்பிலும் தொடையிலும் கை வைத்தான். பிறகு காதருகில் குனிந்து கிசுகிசுத்தான். என்ன சொன்னான் என்று அவளைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை. நான் கிடந்த இடத்திலிருந்து கால்கள்தான் தெரிந்தன, மற்றதைத் துர்கா பிறகு சொன்னாள். ஹாலில் நிஜமாக நின்றவர்களுக்கோ சில ஆண்கள் குந்தி உட்கார்ந்து காற்றில் கையை அளைந்து சிரிப்பதுதான் தெரிந்தது. சுகிர்தா ஜன்னலோரமாக இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அசையாமல் நின்றாள். திட்டில் நடந்ததைக் கம்ப்யூட்டர் திரையில் பார்த்த துர்கா ஓடிப்போய் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டாள். ஹெட்செட்டைக் கழற்றியதும் சுகிர்தா அங்கேயே வாந்தி எடுத்தாள்.

கழற்றி வைத்துவிட்டுப் போகவேண்டியதுதானே, நிஜமாகவா தொட்டான் என்று கேட்ட மகராசர்கள் எங்கள் மாடியிலேயே இருந்தார்கள். அவர்கள் உடம்பில் பயம் எப்படி இறங்குகிறது என்று அவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. கண் பார்க்கிறது, காது கேட்கிறது, எதிரில் இருப்பவன் இன்னான் என்றும் தெரிகிறது, அதன்பிறகு நிஜம் எது பொய் எது என்று பிரித்துக்கொண்டிருக்க அந்தப் பெண் என்ன வக்கீலா? தணிகைவேலைக் கேட்டபோது இது கேம்தானே, இதுக்கு எதுக்கு இவ்வளவு பேஜாரு என்று தோளைக் குலுக்கினான். எனக்கு அவன் குரல்வளையைப் பிடித்துத் திருகவேண்டும் என்று இருந்தது.

துர்கா அன்று வீட்டுக்குப் போகும்முன்பே தன் விதியை மாற்றிவிட்டாள். விழுந்தவர் இனி தானாகவும் எழலாம். கையை மடக்கிக் காட்டினால் உடம்பைச் சுற்றி ஒரு வளையம் விழும், அதற்குள் வேறு எவன் கையும் எட்டாது. கிசுகிசுப்பு தன் காதில் விழாமல் தானே அடைத்துக்கொள்ளலாம். தான் வைத்த விதியை வைத்துத்தான் அந்தப் பெண்ணைத் தரையில் போட்டு மிதித்தார்கள் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அதற்கு அவள் யாரிடமும் சாக்குச் சொல்லவில்லை.

அன்புராஜ் சாருக்கு அது போதவில்லை. வெளிநாட்டுக்காரர்களுக்கும் போதவில்லை. ஆட்டத்தில் இருப்பவர்களில் பாதிப் பேர் ஓட்டுப் போட்டால் ஒரு ஆளை மறைத்துவிட வேண்டும் என்றார்கள். அவன் உருவம் யாருக்கும் தெரியாது, அவன் குரல் யாருக்கும் கேட்காது. அவனுக்கு மட்டும் எல்லோரையும் தெரியும், எல்லாம் கேட்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எல்லா இடத்திலும் இது இருக்கிறது, நாம் மட்டும் ஏன் வைக்கக்கூடாது என்று சார் கேட்டார். துர்கா முடியாது என்றாள். காரணம் கேட்டார். முடியாது சார் என்று மறுபடியும் சொல்லிவிட்டு எழுந்து மாடிப்படிக்குப் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே போனேன். எனக்கு அவள்மேல் கோபம். அந்த நாயை மறைப்பது என்ன, கொளுத்தினால்கூடத் தகும் என்று நினைத்தேன். அதைச் சொன்னேன். அப்போதுதான் அவள் தன் அப்பா தேசப்பனைப் பற்றிச் சொன்னாள்.

ஏரியில் மீன் பிடிக்கும் இடங்களைக் குப்பத்தார் முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இன்றைக்கு இந்த இடம் இன்னார் பாடு என்றால் வேறு யாரும் அங்கே வலை போடக்கூடாது. தேசப்பனின் முறை வந்தபோது அவருக்குக் காய்ச்சல். எழுந்த பிறகு வேறொரு நாள் கேட்டார். ஊர்த்தலைவரான நாட்டார் கொடுக்கவில்லை. மனுஷர் ரோஷக்காரர், இன்னொருத்தன் பாடு இருந்த இடத்தில் போய் வலையை இறக்கிவிட்டார். ஊர் கூடியது, கை தூக்கியது, அந்தக் குடும்பத்தைத் தள்ளிவைத்தது. அவர்களோடு யாரும் பேசக்கூடாது, தண்ணீர் கொடுக்கக்கூடாது, அவர்கள் பிடித்த மீனை வாங்கக்கூடாது.

அப்போது துர்காவுக்கு ஒன்பது பத்து வயது. கடையில் போய்க் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். கடைக்காரர் அவள் தலைக்கு மேலே பார்த்து அடுத்த ஆளைக் கேட்பார். கூட விளையாடிய பெண்கள் நேரே வந்து இடித்துக்கொண்டு போவார்கள், அங்கே ஆளே இல்லை என்பதுபோல. அப்பா கொண்டுவந்த இறால் கரையிலேயே நாறியது. அம்மா சம்பூர்ணம் கோழிகளோடு பேச ஆரம்பித்தாள். அப்பா மட்டும் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்துக்கொண்டே இருந்தார். மாதக்கணக்கில் வைத்தார். ஒருவரும் திரும்பவில்லை.

அம்மன் திருவிழா அன்று ஊர் முழுக்கக் கூடியிருந்தபோது அவர் துடுப்பை எடுத்துக்கொண்டு போனார். நேராக நாட்டாரிடம் போய்த் தோள்பட்டையில் இறக்கினார். எலும்பு உடைந்தது. தடுக்க வந்தவனின் காது கிழிந்து தொங்கியது. பிறகு ஊரே அவர்மேல் விழுந்தது. துடுப்பால் அடித்தார்கள், நங்கூரக் கயிற்றால் அடித்தார்கள், கீழே போட்டு மிதித்தார்கள். பம்பை அடித்தவன்கூட அதைக் கீழே வைத்துவிட்டு வந்து மிதித்தானாம்.

"தவழ்ந்துகினே ஊட்டுக்கு வந்துச்சிணா எங்கப்பா. வாயெல்லாம் ரத்தம், முன்பல்லு ஒண்ணுகூட இல்ல. சிரிச்சிச்சி. எல்லாரும் எம்பேர சொல்லிச் சொல்லி அடிச்சாங்கடின்னிச்சி" என்றாள் துர்கா.

அந்த மழைக்காலத்தைத் தேசப்பன் தாண்டவில்லை. தூக்குவதற்கு ஆள் இல்லாமல் தாயும் மகளும் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு போனார்கள். பிறகுதான் ஆரணி.

இருந்தாலும் சுகிர்தா வாந்தி எடுத்த இடம் கண்ணிலேயே நின்றது. உங்கப்பா வலை போட்டார், இவன் ஒரு பெண்ணை நாசம் பண்ணினான், இரண்டும் ஒன்றா என்று கேட்டேன். ஒன்றில்லை என்று உடனே சொன்னாள். அதற்காக அவனை எவனும் சும்மா விட வேண்டாம் என்றாள்.

"அவன் பதில் சொல்லணும்ணா. சுகிர்தாகிட்ட நின்னு சொல்லணும். ஆளயே இல்லன்னு ஆக்கிட்டா யாரு சொல்றது? அவன் சொன்னாலும் யாரு காதுலயும் உழாது."

எனக்கு அது அப்போது ஏறவில்லை. அவளோடு வாதாடிவிட்டுக் கீழே போய் டீ குடித்தேன்.

அன்புராஜ் சார் வேறொரு ஆளை வைத்து அந்தப் பொத்தானைப் போட்டுவிட்டார். துர்கா வேலையை விடுவாள் என்று எதிர்பார்த்தோம். அவள் விடவில்லை. நான் போய்விட்டால் இதை எடுக்கச் சொல்ல ஆள் இருக்காது என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த சனிக்கிழமை தணிகைவேல் வழக்கம்போல வந்தான். ஆட்டம் தொடங்கிய உடனே ஓட்டு வந்தது. முதலில் அழுத்தியவர்கள் யார் தெரியுமா? அவனுடைய நாலு பேர்தான். சுகிர்தாவைச் சுற்றி நின்று, தூக்க வந்தவர்களை அடித்த அதே கைகள். பழி ஒருத்தன் தலையில் விழுந்தால் தங்கள் தலை தப்பும் என்ற கணக்கு. மற்றவர்களும் அழுத்தினார்கள், நானும் அழுத்தினேன். தணிகைவேல் மறைந்தான். துர்கா திரையில் பார்த்துப் பிறகு சொன்னாள், திட்டின்மேல் அவன் ஓடியிருக்கிறான், ஒவ்வொருவர் முகத்துக்கு முன்னாலும் போய்க் கத்தியிருக்கிறான், துடுப்பை வீசியிருக்கிறான். அது எல்லோரையும் ஊடுருவிப் போனதாம், அவன் கண்ட்ரோலர் ஒருமுறைகூட அதிரவில்லையாம். ஹெட்செட்டுக்கு வெளியே, அந்த ஹாலில், அவன் கத்துவது எங்கள் எல்லோர் காதிலும் நன்றாகவே விழுந்தது. ஒருவரும் திரும்பவில்லை.

இதோடு முடிந்திருந்தால் அது ஒரு பொத்தான். வெளிநாட்டில் இருப்பவன் ஹெட்செட்டைக் கழற்றினால் மறந்துவிடுவான். நம்ம ஆட்கள் அப்படியா? கூடிக் கை தூக்கி ஒருவனைத் தள்ளிவைப்பது என்றால் என்ன என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். குப்பத்துக்காரர் ஒருவர் படி இறங்கும்போதே, ஓட்டுப் போட்டுத் தள்ளிவச்சாச்சு, இனிமே எவனும் வாய் குடுக்காதீங்க என்று சொன்னார். அது ஆலைக்குள் போயிற்று. கேன்டீனில் தணிகைவேல் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். லோடு ஏற்றும் ஆட்கள் அவன் சொன்ன வேலையைச் செய்தார்கள், வாயைத் திறக்கவில்லை. ரயிலில் அவனுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகவே வந்தது. டீக்கடையில் எல்லோருக்கும் டீ சொன்னான். கண்ணாடி டம்ளர்கள் வரிசையாக நின்று ஆடை படிந்து ஆறிப்போயின.

துர்கா ஒவ்வொருவராகப் பிடித்துச் சொன்னாள், இது விளையாட்டில் போட்ட ஓட்டு, வெளியில் செல்லாது என்று. தலையை ஆட்டினார்கள், அப்படியே இருந்தார்கள். பொத்தானை எடுத்துவிடுங்கள் என்று சாரிடம் மறுபடியும் கேட்டாள். அவனே அடங்கிட்டான், நல்லாத்தானே வேலை செய்கிறது என்று அவர் சந்தோஷப்பட்டார். தணிகைவேல் எங்கள் படியடிக்கு வந்து முதலில் கெட்ட வார்த்தையில் திட்டினான், பிறகு கெஞ்சினான். துர்கா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். நீயாவது பேச வேண்டியதுதானே என்று கேட்டேன். நான் முதலில் அவனோடு பேசினால் சுகிர்தா முகத்தில் எப்படி முழிப்பது, அந்த உரிமை எனக்குக் கிடையாது என்றாள். சுகிர்தாவோ அந்தச் சம்பவத்தைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. மாடிக்கு வருவாள், ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்ப்பாள், போய்விடுவாள்.

தணிகைவேல் மாடிக்கு ஏறி வந்தது ஒரு சனிக்கிழமை பட்டப்பகலில். கையில் ஆலையிலிருந்து எடுத்துவந்த முறுக்குக் கம்பி. சோறு தின்று நாளாயிற்று என்று முகம் சொன்னது. உள்ளே வந்ததும் மேஜைமேல் இருந்த ஹெட்செட்டுகளை அடிக்க ஆரம்பித்தான். ஒவ்வொன்றாக அடித்தான். கண்ணாடித் துண்டு பறந்து ஒருத்தன் கன்னத்தைக் கீறியது. ரத்தம் வழிந்தும் கீறல் பட்டவன் கத்தவில்லை. நாங்கள் ஒரு கும்பலே அங்கே இருந்தோம், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு தரையைப் பார்த்தோம். அன்புராஜ் சார் கண்ணாடி அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். டேய் என்று ஒரு குரல், அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அதுகூட எங்கள் வாயில் வரவில்லை.

சர்வர் பெட்டியின் பக்கம் அவன் திரும்பியபோது துர்கா குறுக்கே வந்தாள். கம்பி இறங்கியது. அவள் கையைத் தூக்கித் தடுத்தாள். மணிக்கட்டு உடைந்த சத்தத்தை நான் கேட்டேன், இன்றைக்கும் அது காதில் இருக்கிறது. அவள் விழுந்தாள். அவன் கம்பியை மறுபடியும் தூக்கினான், இந்தத் தடவை தலைக்கு. நான் பாய்ந்து பின்னாலிருந்து கட்டிப் பிடித்தேன். உலைக்குப் பக்கத்தில் நின்ற கை இது, விடுமா? முழங்கையால் என் விலாவில் இடித்தான், நான் அவன் தலையைப் பிடித்து மேஜை விளிம்பில் மோதினேன், மறுபடியும் மோதினேன். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணை மறைத்தது. கம்பி கீழே உருண்டது, அவனும் சரிந்தான். அப்போதும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் மண்டையை உடைக்க முடிந்த எனக்கு அவன் பேரைச் சொல்ல முடியவில்லை.

அப்போது ஓரமாக உட்கார்ந்திருந்த சுகிர்தா எழுந்து வந்தாள். கண்ணாடித் துண்டுகள் செருப்புக்கடியில் நொறுங்கின. அவனுக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தாள்.

"தணிகைவேலு, என்னைப் பாரு."

அத்தனை நாளில் அவன் பேரை ஒருவர் சொல்லி நாங்கள் கேட்டது அதுதான். அவன் தலை சட்டென்று நிமிர்ந்தது. யார் கூப்பிட்டது என்று தெரிந்ததும் அதே வேகத்தில் குனிந்தது.

"அன்னிக்கி எங்காதுல இன்னா சொன்ன? இப்ப எல்லாருக்கும் கேக்கற மாரி சொல்லு."

அவன் சொல்லவில்லை. யாராவது ஒரு வார்த்தை பேசமாட்டார்களா என்று ஊரெல்லாம் அலைந்தவன், அதற்காக ஒருத்தியின் எலும்பை உடைத்தவன், உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் ஓங்கி அறைந்தாள். ரத்தம் அவள் விரல்களில் ஒட்டியது. சொல்லு என்றாள். அவன் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டான். அவள் அந்தக் கைகளைப் பிடித்து இழுத்துக் கீழே இறக்கினாள், மறுபடியும் கேட்டாள். நான் அவளை விலக்கப் போனேன். உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் கிடந்த துர்கா என்னைத் தடுத்தாள்.

"உடுணா. அவ கேக்கட்டும்."

போலீஸ் வருகிறவரைக்கும் அவள் கேட்டாள். அவன் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. அழுகைகூட வரவில்லை.

துர்காவின் மணிக்கட்டில் தகடு வைத்திருக்கிறார்கள். கை முழுசாகத் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்புராஜ் சார் ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பொத்தானை எடுத்தாச்சும்மா என்று அவராகவே சொன்னார். இப்போது அந்த ஆட்டத்தில் யார் வேண்டுமானாலும் தன்னைச் சுற்றி வளையம் போட்டுக்கொள்ளலாம். மற்றவர்கள் சேர்ந்து ஒரு ஆளை இல்லாமல் ஆக்க முடியாது. கெட்டது செய்தவன் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும் என்றால், பாதிக்கப்பட்டவர் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் போக முடியும். கதவு அதற்குப் பிறகுதான் திறக்கும், ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு ஓடினாலும் மறுபடி மாட்டும்போது அங்கேயேதான் நிற்பான். வெளிநாட்டுக்காரர்களுக்கு இது புரியவில்லை. துர்காவும் விளக்கிக்கொண்டிருக்கவில்லை, வேண்டுமானால் ஆட்டத்தை இப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். எடுத்துக்கொண்டார்கள்.

கம்பியால் அடித்ததற்குத் தணிகைவேல்மேல் வழக்கு நடக்கிறது. ஆட்டத்தில் நடந்ததற்கு வழக்குப் போட முடியாது என்று ஸ்டேஷனிலேயே சொல்லிவிட்டார்கள். வாய்தா அன்று துர்கா பொன்னேரி கோர்ட்டுக்குப் போவாள், நானும் சாட்சி என்பதால் போவேன். சுகிர்தா சாட்சிப் பட்டியலில் இல்லை, ஆனாலும் லீவு போட்டுவிட்டு வந்துவிடுவாள். பொத்தானோடு தள்ளிவைத்ததும் போய்விட்டது, ஜாமீனில் வந்தவனோடு இப்போது ஊர் பேசுகிறது. டீக்கடையில் டம்ளர் கொடுக்கிறார்கள், அவனுடைய நாலு பேரும் பழையபடி கூடவே வருகிறார்கள். கோர்ட்டு வாசலில் அவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டு நிற்பான். சுகிர்தா நேராகப் போய் அவனுக்கு முன்னால் நிற்பாள். சத்தம் போடமாட்டாள். அன்னிக்கி எங்காதுல இன்னா சொன்ன என்று கேட்பாள். சிரிப்பு நின்றுவிடும், நாலு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள், அவன் தரையைப் பார்ப்பான். இதுவரைக்கும் அவன் வாயைத் திறக்கவில்லை. அவளும் விடுவதாக இல்லை.